பதினேழாம் எண் வீட்டின் கடைசிப் பக்கம்

மெய்ப்புத் திருத்துவோர் பொதுவாக நன்றாக உறங்குகிறவர்கள். பகல் முழுவதும் பிறருடைய பிழைகளோடு வாழ்கிறவனுக்குப் படுக்கையில் தன்னுடையவை நினைவுக்கு வருவதில்லை.

வழக்கறிஞர் அவர்களே, தங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. மறைந்த நாவலாசிரியர் ரெமி தெல்வாலின் மனைவி சார்பில், நடந்தவற்றை நடந்த வரிசையில், சட்டச் சொற்கள் இல்லாமல் எழுதித் தருமாறு கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கோரிக்கை. தங்கள் கடிதத்தின் மூன்றாம் பத்தியில் மட்டும் ஒரு தேதி பிழையாக உள்ளது. தெல்வாலுக்குப் பக்கவாதம் வந்தது 1957 அக்டோபர் பதினான்காம் நாள். பதினைந்தாம் நாள் அல்ல.

என் பெயர் அன்செல்ம் ரூவில். பாரிஸில், வெர்தியாக் பதிப்பகத்தில், 1946 முதல் மெய்ப்புத் திருத்துநர். தெல்வாலின் ஐந்து நாவல்களும் என் கை வழியாகவே அச்சேறின. அவற்றைப் பற்றிக் கல்லூரிகளில் நிறையப் பேசுகிறார்கள். உள்ளே இருக்கும் கருத்து எளியது: மனிதனுக்கென்று எவரும் முன்கூட்டி ஒரு பொருளை எழுதி வைக்கவில்லை, அவன் செய்தவையே அவன், 'எனக்கு வேறு வழி இருக்கவில்லை' என்பது மனிதன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் பொய்களில் மிகப் பழையது. இக்கருத்தை நான் ஏற்றதுமில்லை, மறுத்ததுமில்லை. அது எல்லாப் பக்கங்களிலும் முரணின்றி இருக்கிறதா என்று பார்ப்பதே என் பணி.

அவர் என்னைக் கேலி செய்வார். நான் அதை விரும்பினேன்.

"முசியே ரூவில், கடவுள் உலகத்தை அச்சுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு புரூஃப் காட்டியிருந்தா, ஏழாம் நாள் அவரால ஓய்வெடுத்திருக்கவே முடியாது."

"ஓய்வெடுத்ததுதான் தப்பு. படிச்சுப் பாக்காம கையெழுத்துப் போட்டுட்டாரு."

இந்தப் பதிலை அவர் பிறகு இரண்டு விருந்துகளில் தன்னுடையதாகச் சொன்னதாக அறிந்தேன். எனக்கு அதில் மகிழ்ச்சியே.

1955 மார்ச்சில் ஒரு நாள் மதியம் பதிப்பகத்தின் பின்தெரு உணவகத்தில் இருவரும் உணவருந்தினோம். நான் ஒரு கோப்பை மதுவோடு நிறுத்துகிறவன். அன்று மூன்று. அதுவரை எவரிடமும் சொல்லாத ஒன்றை அவரிடம் சொன்னேன். 1942 கோடையில், ஜெர்மானியர் பிரான்ஸை ஆக்கிரமித்திருந்த நாட்களில், கிழக்கே ஒரு மாகாண நகரத்தின் ஆட்சியகத்தில், தட்டச்சுப் படிகளை மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வேலையில் இருந்தேன். ஜூலையில் யூதக் குடும்பங்களின் முகவரிப் பட்டியல் ஒன்று என் மேசைக்கு வந்தது. எதற்கான பட்டியல் என்று தாளில் எழுதியிருக்கவில்லை. அலுவலகத்தில் அனைவருக்கும் தெரிந்திருந்தது. ஒரு குடும்பத்தின் வீட்டு எண் 71 என்று இருந்தது. அந்தத் தெருவோ நாற்பதோடு முடிகிறது. பதிவேட்டைப் பார்த்து, அதை 17 என்று திருத்தினேன். மறுநாள் விடியற்காலையில் காவலர்கள் பதினேழாம் எண் வீட்டுக்குச் சென்றார்கள். தந்தை, தாய், இரண்டு பெண் குழந்தைகள்.

தெல்வால் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"திருத்தாம விட்டிருந்தா?"

"வேலைய விட்டுத் தூக்கியிருப்பாங்க."

"யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? டைப் அடிச்சவனோட தப்புதானே அது?"

"வேற வழி இல்ல, முசியே தெல்வால். என் இடத்துல யார் இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பாங்க."

"அன்னைக்கு மத்தியானம் உங்களுக்குப் பசிச்சுதா?"

"பசிச்சுது."

"என்ன சாப்பிட்டீங்க?"

"சிவப்பு முள்ளங்கி. வெண்ணெய் கிடைக்கல. உப்பு தொட்டுக்கிட்டேன்."

"பாத்தீங்களா, ருசிகூட ஞாபகம் இருக்கு. அப்ப அந்த மேசைக்குப் பின்னாடி ஒரு ஆள் உக்காந்திருந்திருக்கான். வெறும் நாற்காலி இல்ல."

பெயரையும் ஊரையும் மாற்றி இதை எழுதலாமா என்று கேட்டார். "எழுதறது உங்க வேலை. தேதி மட்டும் சரியா இருக்கட்டும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கான ரொட்டித் துண்டில் வெண்ணெய் தடவி என் தட்டில் வைத்தார். ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இவ்வாறு பிறந்ததே 'பதினேழாம் எண் வீடு' என்ற நாவல். நாயகன் மார்சான், ஓர் அரசு எழுத்தர். பழக்கங்கள் என்னுடையவை, மூக்கு வேறொருவருடையது. கையெழுத்துப் படியில் கதை இப்படி முடிந்தது: போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின் மார்சான் அந்த வீட்டு வாசலுக்குச் செல்கிறான்; அழைப்பு மணியை நோக்கிக் கையை உயர்த்துகிறான். அவ்வளவே. முதல் மெய்ப்பை எந்த மனக்குறையும் இன்றித் திருத்தி அனுப்பினேன்.

1957 செப்டம்பரில் அது தெல்வாலிடமிருந்து திரும்பி வந்தபோது, கடைசித் தாளின் அடியில் ஒரு துண்டுத் தாள் ஒட்டப்பட்டிருந்தது. ஒன்றரைப் பக்கம் புதிய எழுத்து. அதில் கதவு திறக்கிறது. அன்று அத்தை வீட்டுக்குப் போயிருந்ததால் தப்பிய மூத்த மகள் நிற்கிறாள். மார்சான் சொல்கிறான்: "எண் தப்பா இருந்துது. என்னை யாரும் திருத்தச் சொல்லல. நான்தான் திருத்தினேன். விட்டிருக்கலாம்." அவள் சொல்கிறாள்: "உள்ள வாங்க. உக்காந்து இன்னொரு தடவ சொல்லுங்க." நாவல் அத்துடன் முடிகிறது.

நான் அறிந்தவரை, உண்மையில் எந்த மகளும் தப்பவில்லை. விசாரித்ததில்லை.

துண்டுத் தாளின் ஓரத்தில் பென்சிலால் 'ரூவில், இது உங்களுக்காக' என்று எழுதியிருந்தது. அச்சுக்கோப்பவருக்கு உரியதல்லாத எதுவும் மெய்ப்பின் ஓரத்தில் இருக்கலாகாது. ஆகவே அழித்தேன்.

எங்கள் தொழிலின் ஒரு வழக்கத்தை இங்கே குறிப்பிட வேண்டும். இறுதி மெய்ப்பின் முதல் தாளில் ஆசிரியர் தம் கையால் 'அச்சிடலாம்' என்று எழுதிக் கையொப்பமிடுவார். அது இல்லாமல் ஒரு வரியும் அச்சேறாது. அதன் பிறகு ஆசிரியரே கேட்டாலும் ஓர் எழுத்தும் மாறாது. இறுதி மெய்ப்பு தெல்வாலின் மேசைக்குப் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் அவர் விழுந்தார். கை, கால், நாக்கு எதுவும் மிஞ்சவில்லை. கண்கள் திறந்திருந்தன, ஆனால் எதையும் பின்தொடரவில்லை. உள்ளே எவரும் இல்லை என்றார் மருத்துவர்.

பதிப்பாளர் வெர்தியாக் என்னை அழைத்தார்.

"அச்சுக்கூடத்து ஈய எழுத்து பூரா அந்த நாவல்லயே கட்டிக் கிடக்கு. மேஸ்திரி தினம் போன் பண்ணி உயிரை எடுக்கறான். நீங்க போய் அவருக்குப் படிச்சுக் காட்டுங்க. அந்தம்மா கையெழுத்துப் போடட்டும். நீங்க சாட்சி."

"அவருக்கு ஒண்ணும் புரியாதுன்னு டாக்டர் சொல்றாரே?"

"என் எழுத்தாளருங்கள்ல பாதிப் பேரு புரியாமதான் கையெழுத்துப் போடுறாங்க. கெளம்புங்க."

மதாம் மிரேய் தெல்வால் கட்டில் அருகே எனக்கு ஒரு நாற்காலி போட்டு, கணவரின் இடக்கையை எடுத்து என் கையில் வைத்தார். "பிடிச்சுக்கிட்டே படிங்க முசியே. அவருக்குத் தெரியும்" என்றார். நாற்பதாம் பக்கத்தில் என் உள்ளங்கையில் ஒரு விரல் அழுந்தியது. நிறுத்திப் பார்த்தேன், ஒரு வரியைத் தவறவிட்டிருந்தேன். நாற்பத்துமூன்றாம் பக்கத்தில் வேண்டுமென்றே ஒரு வரியை விட்டேன். விரல் அழுந்தியது. அதன் பின் எட்டுப் பக்கங்கள் பிழையின்றிப் படித்தேன். அது அசையவில்லை.

ஒருமுறை என்றால் ஆம், இருமுறை என்றால் இல்லை என்று அவரிடம் சொன்னேன். "புரியுதா?" என்று கேட்டேன். ஒருமுறை.

மதாமிடம் உடனே சொன்னேன். அவர் அழுதுகொண்டே அந்தக் கையைப் பற்றிக்கொண்டார். அரைமணி நேரம் எதையெதையோ கேட்டார்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலையே. நடுங்கறது என் கையா, அவர் கையா?"

"பழகணும் மதாம்."

"பரவால்ல, நீங்க இருக்கீங்கல்ல. ரூவில் ஒரு காற்புள்ளியக்கூடத் தவறவிடமாட்டாருன்னு ரெமி எப்பவும் சொல்வாரு."

முழங்கையைத் தலையணையில் ஊன்றிக்கொண்டால் கை நடுங்காது. ஒரு மதியத்தில் கற்றுக்கொள்ளக்கூடியது. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒன்பது நாட்களில் கடைசி அத்தியாயத்தை அடைந்தோம். அந்த ஒன்றரைப் பக்கத்தை அவசரமின்றிப் படித்தேன். "இது இப்படியே இருக்கட்டுமா?" ஒருமுறை. பிறகு ஒரு மாற்றத்தை முன்வைத்தேன்: ஒட்டிய பகுதியை நீக்கிவிடலாம், மார்சான் கையை உயர்த்தியதும், மணியை அழுத்தாமல் திரும்பி நடக்கட்டும், இறுதியில் ஒரே ஒரு வாக்கியம், 'அவன் இடத்தில் எவர் இருந்தாலும் அதையே செய்திருப்பார்கள்.' இருமுறை.

என் காரணங்கள் இலக்கியக் காரணங்கள். திறக்கும் கதவைவிடத் திறக்காத கதவு வலிமையானது. நாயகன் தன்னைத் தானே விளக்குவது கலைக்குப் பொருந்தாது. தப்பிய மகள் ஒரு வசதியான தற்செயல். இவற்றை இன்றும் எவர் முன்னிலும் நிறுவ இயலும். ஆறு நாட்களில் முப்பத்தொரு முறை கேட்டேன். நான்காம் நாள் காரணங்களை விட்டுவிட்டு "தயவுசெய்து" என்று மட்டும் கேட்டேன். முப்பத்தொரு முறையும் விரல் இருமுறை அழுந்தியது. மறுக்க முடிகிறவரை மனிதன் சுதந்திரமானவன் என்று அந்நாவலின் நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறார். அவ்வாக்கியத்தை நான் நேரில் சரிபார்த்தேன். பிழை எதுவும் இல்லை.

ஏழாம் நாள் மதாமை அழைத்து, முடிவை மாற்றச் சொல்கிறார் என்றேன்.

"அந்தப் பக்கத்தை எழுதின அன்னைக்குச் சாப்பிடக்கூட எந்திரிக்கல அவரு. முடிச்சுட்டுக் கொழந்தையாட்டம் வந்து எங்கிட்ட படிச்சுக் காட்டினாரு. இப்ப ஏன் வேணாங்கறாரு?"

"படுத்துக்கிட்டு யோசிச்சிருப்பாரு, மதாம்."

அவர் கணவரின் முகத்தருகே குனிந்தார். "ரெமி, நெசமாவா? அதை எடுத்துடட்டுமா?"

கை என்னிடம் இருந்தது. இருமுறை அழுந்தியது. மீண்டும் இருமுறை. மீண்டும்.

"ஆமாங்கறாரு" என்றேன்.

மதாம் 'அச்சிடலாம்' என்று எழுதிக் கணவரின் பெயரை இட்டார். நான் சாட்சியாகக் கையொப்பமிட்டேன். அதன் பிறகு எதையும் மாற்றும் நிலையில் நான் இல்லை. வழக்கத்தை மேலே விளக்கியுள்ளேன்.

ஒரு பிழை ஒருமுறை நிலைபெற்றுவிட்டால், நூல் முழுவதும் அதையே சீராகப் பின்பற்றுவது நடுவில் தடுமாறுவதைவிட மேல் என்பது என் தொழில் எனக்குக் கற்பித்தது. அடுத்த வாரங்களில் மதாமுக்கு நான் அறிவித்த விடைகள் மெல்லக் குறைந்தன. அவை சில சமயம் கேள்விக்குப் பொருந்தவில்லை என்றும் சொன்னேன். மருத்துவர் வியப்படையவில்லை, அவர் தொடக்கத்திலிருந்தே அதைத் தசைத் துடிப்பு என்றுதான் கருதியிருந்தார்.

டிசம்பரில் மதாமின் சகோதரர், நகருக்கு வெளியே கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் பார்த்தார். மதாமுக்கு மனமில்லை. நான் வரும்வரை காத்திருந்தார். வந்ததும் கையை என் கையில் வைத்துவிட்டுத் தரையில் மண்டியிட்டார்.

"ரெமி, இங்கயே எங்கூட இருக்கியா? நான் பாத்துக்கறேன். எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல. நீ இருக்கணும்னு மட்டும் சொல்லு, போதும்."

விரல் ஒருமுறை அழுந்தியது. அத்தனை வலு அதற்கு இருக்குமென்று நான் எண்ணியிருக்கவில்லை. கேட்காமலேயே மீண்டும் அழுந்தியது. சிறிது விட்டு, மீண்டும்.

"பதில் எதுவும் இல்ல, மதாம்."

"நல்லாப் பாருங்க."

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன். கொஞ்ச நாளாவே இப்படித்தான். மனசு ஒடிஞ்சுடுவீங்கன்னு சொல்லாம இருந்தேன்."

அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "அப்ப நான் இத்தன நாளா செவுத்துகிட்டயா பேசிட்டிருந்தேன்?"

"இத்தன நாளா இல்ல மதாம். கொஞ்ச நாளாத்தான்" என்றேன். துல்லியம் ஆறுதல் தரும் என்று நினைத்தேன்.

இதை நான் திட்டமிட்டேன் என்பது மிகை. அவர் அந்த வீட்டிலேயே இருந்திருந்தால், மதாம் என்றாவது ஒரு மதியம் களைப்பில் முழங்கையைத் தலையணையில் ஊன்றியிருப்பார். அதை மட்டுமே நினைத்தேன். அன்று மாலை வீடு திரும்பும் வழியில் இரண்டு முறை பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம் என்று தாங்கள் கருதலாம். படி ஏறும் வலு எனக்கு இல்லை. அவர்கள் வீடு நான்காம் மாடியில்.

புத்தகம் 1958 பிப்ரவரியில் வெளிவந்தது. அட்டையைச் சுற்றிய சிவப்புத் தாள் பட்டையில் என் வாக்கியத்தை அச்சிட்டிருந்தார் வெர்தியாக். விமர்சகர்கள் அதை மேற்கோள் காட்டினார்கள். இதுவரை கடுமையாகவே தீர்ப்பளித்து வந்த தெல்வால், நோய்வாய்ப்படும் முன் மனிதர்களை மன்னிக்கக் கற்றுக்கொண்டார் என்று ஒருவர் எழுதினார். இலையுதிர் காலத்தில் ஒரு பரிசும் கிடைத்தது. மதாமுக்குக் கடிதங்கள் குவிந்தன. போர்க்காலத்தில் அலுவலகங்களில் பணிபுரிந்தவர்கள் பலர் நன்றி சொல்லியிருந்தார்கள். சிலவற்றை எனக்கு வாசித்துக் காட்டினார். நல்ல கடிதங்கள்.

ஒன்றுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அந்த இல்லத்துக்குச் செல்வேன். மதாம் முதலில் வாரந்தோறும் வந்தார், பிறகு மாதந்தோறும். வந்தாலும் கணவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். போர்வையைச் சரிசெய்வார், உடல்நிலையைப் பற்றிக் கன்னியரிடம் அவர் தலைக்கு மேலாகவே பேசுவார். நான் மட்டுமே அவரிடம் நேராகப் பேசினேன். விமர்சனங்களைப் படித்துக் காட்டினேன். மனிதன் தான் செய்பவையின் தொகை மட்டுமே என்றால், எதையும் செய்ய இயலாதவன் யார் என்று ஒருமுறை கேட்டேன். தத்துவ ஆர்வத்தில்தான் கேட்டேன். விரல் அசையவில்லை. ஆமா இல்லையா என்று சொல்லத்தக்க கேள்வி அல்ல அது என்பதைப் பிறகு உணர்ந்து வருத்தம் தெரிவித்தேன்.

1959 கோடையில் சகோதரி அகாத் என்ற கன்னியர் என்னை நடைவழியில் நிறுத்தினார்.

"முசியே, நான் பக்கத்துல உக்காந்து கையப் புடிச்சு ஜெபம் சொல்றப்ப அவரு வெரல அழுத்தறாரு."

"அவரு நாத்திகர், சகோதரி."

"அதான் எனக்கும் சிரிப்பா இருக்கு. மத்த எடத்துல எல்லாம் சும்மாதான் இருக்காரு. எல்லாம் கடவுள் விருப்பப்படி நடக்கட்டும்னு நான் சொன்னா மட்டும் ரெண்டு தடவ அழுத்தறாரு. ஒவ்வொரு நாளும், அதே எடத்துல."

"தசைத் துடிப்பு. டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரு."

"துடிப்புக்கு எடம் தெரியுமா, முசியே?"

"அவரோட மனைவிகிட்ட இதச் சொல்லாதீங்க. இப்பதான் கொஞ்சம் தேறியிருக்காங்க" என்றேன். நல்ல பெண்; அடக்கம் நடக்கும்வரை சொல்லவில்லை. கல்லறை வாசலில் மதாமிடம் அவர் சொன்னது என்ன என்பதைத் தாங்கள் அறிவீர்கள். தங்கள் கடிதம் அங்கிருந்தே தொடங்குகிறது.

ஆகவே தங்கள் கேள்விக்கு விடை: ஆம். ரெமி தெல்வால் இரண்டு ஆண்டுகள் நான்கு மாதங்கள் முழு நினைவோடு இருந்தார். கேட்டார், புரிந்துகொண்டார், விடை சொன்னார். அந்த முடிவை அவர் ஏற்கவேயில்லை. தம் வீட்டில், தம் மனைவியோடு இருக்க விரும்பினார். இவற்றை அறிந்திருந்தவன் நான் ஒருவனே, அறிந்தே மறைத்தேன். முடிவை மாற்றியவனும் நான்தான். அழிக்கப்பட்ட ஒன்றரைப் பக்கமும் எனக்கு மனப்பாடம். தேவையென்றால் எழுதித் தருகிறேன், நிறுத்தக்குறிகள் உட்பட.

கடைசியாக அவரைப் பார்த்தது இவ்வாண்டு பிப்ரவரி ஏழாம் நாள். மிகவும் மெலிந்திருந்தார். கையை எடுத்து என் கையில் வைத்துக்கொண்டேன். அன்று நாவலைப் பற்றிப் பேசவில்லை. ஆட்சியகத்தையும், அந்தப் பட்டியலையும், அதன் பிறகு நடந்த எல்லாவற்றையும் சேர்த்து, இம்முறை ஆமா இல்லையா என்று சொல்லத்தக்க வகையில், ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"எனக்கு வேற வழி இருந்துதா, முசியே தெல்வால்?"

விரல் ஒருமுறை அழுந்தியது. ஆனால் விலகவில்லை. சகோதரி மருந்தோடு வரும்வரை, ஏறத்தாழ நான்கு நிமிடங்கள், அழுந்தியபடியே இருந்தது. அவ்வளவு நீண்ட அழுத்தம் எங்கள் உடன்பாட்டில் இல்லாத ஒன்று. எனவே அதை ஒரு விடையாக நான் கொள்ளவில்லை.